மண்ணின் பாதி: மும்பை மழைநீர் வடிகால் வரலாற்றில் ஓர் எண்

மும்பை மாநகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மூன்று அனுமானங்களின் மேல் கட்டப்பட்டவை. மழை மணிக்கு 25 மி.மீ. என்ற அளவில் பெய்யும் என்பது முதலாவது. அது பெய்யும் வேளையில் கடல் தாழ் ஓதத்தில் இருக்கும் என்பது இரண்டாவது. பெய்த மழையில் பாதியை மண் உறிஞ்சிக்கொள்ளும், எஞ்சிய பாதி மட்டுமே வடிகாலுக்கு வந்துசேரும் என்பது மூன்றாவது. பொறியியல் ஆவணங்களில் இம்மூன்றாம் அனுமானம் 0.5 என்னும் சிறிய எண்ணாக இடம்பெறுகிறது. அதற்கு வழிந்தோடல் கெழு என்று பெயர்.

2005ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின்னர் முதலிரண்டு அனுமானங்களைப் பற்றி நாளேடுகளிலும் சட்டமன்றத்திலும் நிறையவே பேசப்பட்டது. இருபத்தைந்து மில்லிமீட்டர் போதாது என்பதும், உயர் ஓத வேளையில் கடல் வடிகாலுக்குள் ஏறிவிடும் என்பதும் இன்று மும்பையின் பள்ளி மாணவருக்கும் தெரிந்த செய்திகள். மூன்றாவது எண் அவ்வளவு கவனத்தைப் பெறவில்லை. ஆயினும் நகர வரலாற்றை ஆராய்பவருக்கு இம்மூன்றனுள் மிக முக்கியமானது அதுவே. மழையின் அளவை வானம் தீர்மானிக்கிறது. ஓதத்தை நிலவும் கடலும் தீர்மானிக்கின்றன. வழிந்தோடல் கெழுவை மட்டுமே நகரம் தன் கையாலேயே மாற்றுகிறது. ஒரு முற்றத்திற்குச் சிமெண்டு பூசும்போதும், ஒரு சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கும்போதும் அந்த எண் சிறிது உயர்கிறது. ஆகவே அது பொறியியல் மாறிலி என்பதோடு நின்றுவிடுவதில்லை. நகரம் தன் நிலத்தை எவ்வாறு நடத்தியது என்பதற்கான ஆவணமாகவும் விளங்குகிறது.

எண்ணின் பிறப்பு

1851இல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி, மழையின் செறிவுக்கும் ஆற்றில் வந்துசேரும் உச்சப் பெருக்கிற்கும் இடையிலான உறவைக் கணக்கிடும் முறையொன்றை முன்வைத்தார். 1889இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் எமில் குய்ச்லிங் அதை நகர வடிகால்களுக்குப் பொருத்திப் பார்த்தார். கூரைகளும் பாவப்பட்ட தெருக்களும் மிகுந்த பகுதியில் பெய்த மழையின் பெரும்பங்கு வடிகாலுக்கு வருகிறது என்பதையும், அப்பங்கு நீர் புகாத பரப்பின் விகிதத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதையும் அவர் அளந்து காட்டினார். பெருக்கின் அளவு என்பது கெழு, மழைச் செறிவு, பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். உலகின் பெரும்பாலான நகர வடிகால்கள் இன்றும் இந்த எளிய சூத்திரத்தை நம்பியே வடிவமைக்கப்படுகின்றன.

ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 250 கனமீட்டர். கெழு 0.5 எனில் வடிகாலுக்கு வருவது 125 கனமீட்டர். அதே நிலம் முழுவதும் கூரையாகவும் தாராகவும் மாறிக் கெழு 1 ஆகிவிட்டால், வானத்தில் எந்த மாற்றமும் நிகழாமலேயே வடிகாலின் சுமை 250 கனமீட்டராக இரட்டிக்கிறது. வேகமும் கூடுகிறது. புல்லிலும் மண்ணிலும் தயங்கித் தயங்கி வந்த நீர் கான்கிரீட்டில் சில நிமிடங்களில் வந்து சேர்கிறது. முன்பு பல மணி நேரத்தில் பரவலாக வந்த பெருக்கு குறுகிய நேரத்தில் ஓர் உச்சமாகக் குவிகிறது. நகரமயமாதல் வெள்ளத்தைப் பெருக்கும் முறை, சுருக்கமாக, இதுதான்.

0.5 என்பது மும்பையைப் பொறுத்தவரை எக்காலத்திலும் முழு உண்மையாக இருந்ததா என்பதும் ஐயத்திற்குரியதே. மும்பையின் அடித்தளம் தக்காணத்தின் கரும்பாறை. அதன் மேல் பல இடங்களில் மண் மெல்லிய படலமாகவே கிடக்கிறது. ஜூலை மாதத்தில் மண் ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கும்போது உறிஞ்சும் திறன் மேலும் குறைகிறது. எனவே மண் உறிஞ்சும் என்று கணக்கில் எழுதப்பட்ட பாதியின் ஒரு பகுதியை உண்மையில் தாங்கியவை சதுப்புகளும், உப்பளங்களும், வயல்களும், குளங்களும், அலையாத்திக் காடுகளும்தான். அவை நீரை விழுங்கவில்லை. ஓதம் இறங்கும்வரை தம் மேல் தேக்கி வைத்திருந்தன. வடிகால் கணக்கில் அவற்றுக்கெனத் தனிப்பெயர் இல்லை. பெயரில்லாத காரணத்தாலேயே அவை ஒவ்வொன்றாக மறைந்தபோது கணக்கு திருத்தப்படவும் இல்லை.

தீவுகள் நிலமான கதை

ஏழு தீவுகளை இணைத்து உருவான நகரம் மும்பை என்பது அனைவரும் அறிந்ததே. அந்த இணைப்பின் நீரியல் பொருள் குறைவாகவே பேசப்படுகிறது. ஆளுநர் வில்லியம் ஹார்ன்பியின் பெயரால் வழங்கும் ஹார்ன்பி வெல்லார்டு அணை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வொர்லிக்கும் மகாலட்சுமிக்கும் இடையிலிருந்த கடல்வாயை அடைத்தது. உள்ளே ஓதநீர் புகுந்து விளையாடிய பரந்த தாழ்நிலம் கரையாயிற்று. ஆங்கிலேயர் அதனை ‘ஃபிளாட்ஸ்’ என்றழைத்தனர். அது கரையானதே தவிர மேடாகவில்லை. உயர் ஓத மட்டத்திற்குக் கீழேயே கிடந்தது. மழைக்காலத்தில் நகரின் நீரெல்லாம் அங்கு வந்து தேங்கி, தாழ் ஓத வேளையில் வொர்லி மதகுகள் வழியாக வெளியேறியது. பின்னர் 1803இல் சயான் தாம்போதியும் 1845இல் மாஹிம் தாம்போதியும் தீவை வடக்கிலுள்ள சால்செட்டோடு பிணைத்தன. ஒவ்வொரு கரையும் போக்குவரத்துக்குப் பாதையாகவும், நீருக்குத் தடையாகவும் ஒருங்கே அமைந்தது.

அக்கால நகரின் ‘மெயின் டிரெயின்’ எனப்பட்ட பெருவடிகால் அடிப்படையில் மழைநீர் செல்லும் திறந்த ஓடை. மக்கள்தொகை பெருகப் பெருக வீடுகளின் கழிவுநீரும் அதில் கலந்தது. 1860இல் விஹார் ஏரியிலிருந்து குழாய்நீர் வந்தபோது நகருக்குள் நுழையும் நீரின் அளவு கூடியது. அதை வெளியேற்றும் வழிகள் அதே வேகத்தில் வளரவில்லை. இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. விஹார் அணை கட்டப்பட்டது மித்தி ஆற்றின் மேல்நீர்ப் பகுதியில். 1890களின் தொடக்கத்தில் போவாய் ஏரியும் சேர்ந்தபின், மித்திக்கு வரும் தூய நீர் என்பது இவ்விரு ஏரிகளும் நிரம்பி வழியும் மழைக்கால வழிநீர் மட்டுமே என்றாயிற்று. ஆண்டின் மற்ற மாதங்களில் ஏறத்தாழ 18 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றில் எது ஓடும் என்ற கேள்வி அப்போதே விதைக்கப்பட்டுவிட்டது. விடை பின்னர் வந்தது: கழிவுநீர்.

1896இல் வந்த கொள்ளைநோய் நகரமைப்பின் போக்கை மாற்றியது. 1898இல் மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகளை அமைப்பதும், தாதர், மாட்டுங்கா போன்ற வடபகுதிகளில் புதிய குடியிருப்புகளைத் திட்டமிடுவதும் அதன் பணி. அக்காலச் சுகாதாரச் சிந்தனையில் ஈரமான மண் நோயின் உறைவிடமாகக் கருதப்பட்டது. தரையை உலர்த்துவது, பள்ளங்களை நிரப்புவது, முற்றங்களைப் பாவுவது ஆகியவை பொதுநலப் பணிகளாகவே மதிக்கப்பட்டன. ஃபிளாட்ஸின் பள்ளங்கள் நகரின் குப்பையைக் கொண்டே நிரப்பப்பட்டன. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தேங்கிய நீரில் கொசு வளர்ந்ததும், கழிவு கசிந்த மண்ணில் கிணறுகள் கெட்டதும் உண்மையே. மண்ணை மூடுவது அன்று உயிர் காக்கும் செயலாகத் தோன்றியதற்குக் காரணங்கள் இருந்தன. மூடிய மண் செய்துவந்த வேலையை இனி யார் செய்வார் என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

புறநகர்களின் நூற்றாண்டு

1950இலும் 1957இலும் மாநகராட்சியின் எல்லை வடக்கே விரிந்து தஹிசர், முலுண்டு வரை சென்றது. தீவு நகரின் வடிகால்கள் பெரும்பாலும் தரைக்கடியில் செங்கல்லால் கட்டப்பட்டவை. புறநகரின் வடிகால்களோ சாலையோரத் திறந்த கால்வாய்களும், மராத்தியிலும் இந்தியிலும் ‘நாலா’ எனப்படும் பழைய ஓடைகளும். மித்தி, தஹிசர், போயிசர், ஓஷிவரா ஆகிய நான்கு ஆறுகளும் போரிவலி தேசியப் பூங்காவையும் ஆரேயையும் சேர்ந்த குன்றுப் பகுதிகளில் தோன்றி, மிகக் குறுகிய தொலைவில் கடலையோ கழியையோ அடைகின்றன. குன்றிலிருந்து விரைந்து இறங்கும் நீர், கடலருகே ஓதத்தால் தடுக்கப்படும் தாழ்நிலத்தில் பரவி நிற்க இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தின் பெயர் சதுப்பு. நகரமைப்பு வரைபடங்களில் அது பயனற்ற நிலம்.

மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் 1975இல் அமைக்கப்பட்டது. 1977இல் மித்தி ஆறு, வாகோலா நாலா, மாஹிம் கழி ஆகியவற்றின் இருமருங்கிலும் கிடந்த தாழ்நிலத்திற்கு அதுவே சிறப்புத் திட்ட அமைப்பாக நியமிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 ஹெக்டேர் பரப்பில் பாந்த்ரா–குர்லா வளாகம் எழுந்தது. தென்மும்பையின் நெரிசலைக் குறைப்பது அதன் நோக்கம். அந்நோக்கத்தில் தவறு காண்பது கடினம். ஆனால் வளாகம் எழுந்த இடம் மித்தியின் பெருக்கு கடலில் கலக்குமுன் ஒதுங்கி நிற்கும் இறுதித் திண்ணை. மேல்நீர்ப் பகுதியில் விமான நிலையத்தின் ஓடுபாதையும் இணைப்புப் பாதையும் ஆற்றுக்கு மேலாகவே சென்றன. ஆறு குறுகிய வாய்க்குள் நுழைந்து, செங்குத்தான வளைவுகளில் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அனுமதி பெற்றவை. ஒவ்வோர் அனுமதியிலும் அந்தந்த மனையின் நீரை வெளியேற்றும் வடிகால் காட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான மனைகளின் கெழு ஒரே வேளையில் உயர்ந்தால் கீழ்நீர்ப் பகுதியில் என்ன நிகழும் என்று கேட்க வேண்டிய பொறுப்பு எந்த ஒரு மேசைக்கும் தனியாக இருக்கவில்லை. மும்பையில் 0.5 என்ற எண் உண்மையிலிருந்து விலகிப்போனது இவ்வாறே. அதை மாற்ற எவரும் முடிவெடுக்கவில்லை. ஆயிரம் முடிவுகள் சேர்ந்து அதை மாற்றின.

எச்சரிக்கையும் வெள்ளமும்

இந்த விலகல் எவருக்கும் தெரியாமல் நிகழ்ந்ததன்று. பிரிம்ஸ்டோவாட் என்ற பெயரால் அறியப்படும் மாநகர மழைநீர் வடிகால் அறிக்கை 1993இலேயே மாநகராட்சியின் கைக்கு வந்துவிட்டது. வடிகால்களை மணிக்கு 50 மி.மீ. மழைக்கு ஏற்ப விரிவாக்க வேண்டும் என்றும், வழிந்தோடல் கெழுவை 1 எனக் கொள்ள வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. மழைச் செறிவு இரட்டிப்பு, கெழு இரட்டிப்பு. முன்னர்க் கண்ட ஒரு ஹெக்டேருக்கு 125 கனமீட்டர் என்ற கணக்கு இப்போது 500 கனமீட்டர் ஆகிறது. வடிகாலின் பணி நான்கு மடங்காகிறது. அதற்கான செலவு பெரிது. பரிந்துரைகளில் பெரும்பகுதி பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவேறாமல் கிடந்தது.

2005 ஜூலை 26ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அதே காலத்தில் தெற்கே கொலாபாவில் பெய்தது ஏறத்தாழ 73 மி.மீ. மட்டுமே. பெரும்பகுதி மழை பிற்பகலிலிருந்து இரவுக்குள் கொட்டியது; மாலை நான்கு மணியளவில் கடல் உயர் ஓதத்தில் இருந்தது. மித்தியின் கரைகளில் குர்லா, கலீனா, தாராவி, பாந்த்ரா–குர்லா வளாகம் என அனைத்தும் நீரில் நின்றன. நகரில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்த ஒரு நாளை முழுச் சான்றாகக் கொண்டு நகரமயமாதலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. 944 மி.மீ. மழைக்கு எந்த நகர வடிகாலும் ஈடு கொடுக்காது. கெழு 0.5 ஆகவே இருந்திருந்தாலும் அன்று நகரம் மூழ்கியிருக்கும். சில மணி நேரப் பொழிவுக்குள் எஞ்சிய மண்ணும் நீர் கொள்ளாத நிலையை அடைந்திருக்கும். சதுப்புகள் இருந்திருந்தால் வெள்ளத்தின் உயரமும் அது நின்ற நேரமும் குறைந்திருக்கக்கூடும், அவ்வளவே சொல்லலாம். மாற்றத்தின் நம்பகமான சான்று பெருவெள்ள நாட்களில் இல்லை; சாதாரண மழைநாட்களில் இருக்கிறது. தாதருக்கு அருகிலுள்ள ஹிந்துமாதா சந்திப்பு போன்ற கிண்ண வடிவத் தாழ்நிலங்கள், செய்தியாகக்கூட வராத மழைகளிலும் ஆண்டுதோறும் முழங்கால் அளவு நீரில் நின்றுவந்தன. 944 மி.மீ. என்பது வானத்தின் கதை. நாற்பது, ஐம்பது மில்லிமீட்டரில் தெரு மூழ்குவது நிலத்தின் கதை.

நீரின் தரம் என்னும் மறுபக்கம்

மண் எடுத்துக்கொண்ட பாதிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மண்ணுக்குள் இறங்கும் நீர் வடிகட்டப்படுகிறது. களிமண் துகள்கள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. வேர்கள் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உறிஞ்சுகின்றன. தார்ச்சாலைக்கு இத்தகைய திறன் ஏதுமில்லை. வறண்ட மாதங்களில் அதன் மேல் படிந்த எண்ணெய், டயர்த் தேய்மானத்திலிருந்து வரும் துத்தநாகம், வாகனப் புகையின் கரி, விலங்குகளின் கழிவு, மட்காத குப்பை ஆகிய அனைத்தையும் பருவத்தின் முதல் மழை அப்படியே திரட்டிக்கொண்டு ஓடுகிறது. நகர நீரியலில் முதற்பெருக்கு எனப்படும் இந்நீர் பல வேளைகளில் வீட்டுக் கழிவுநீருக்கு நிகரான மாசுடையது. ஆக, வழிந்தோடல் கெழு உயரும்போது நீரின் அளவோடு மாசின் சுமையும் உயர்கிறது.

மும்பையில் இதனோடு மற்றொரு சிக்கலும் பிணைந்தது. கழிவுநீரும் மழைநீரும் தனித்தனிக் குழாய்களில் செல்ல வேண்டும் என்பது விதி. கழிவுநீர்க் குழாய் எட்டாத குடியிருப்புகளின் கழிவு வேறு போக்கின்றி மழைநீர் நாலாவிலேயே விழுகிறது. மழை பெய்யாத எட்டு மாதங்களிலும் நாலாக்கள் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. மித்திக் கரையின் சிறுதொழிற்கூடங்கள், பழைய பீப்பாய் கழுவுமிடங்கள், மாட்டுத் தொழுவங்கள் ஆகியவற்றின் கழிவும் அதில் சேர்ந்தது. தூய மேல்நீரை 1860இலேயே இழந்த ஆறு, கரைசேர்க்கப்படும் கழிவைக் கரைத்து மெலிதாக்கும் வலிமையையும் அதனுடன் இழந்துவிட்டது.

2005 வெள்ளத்தின் பின் வந்த வாரங்களில் இவ்விரு வரலாறுகளும் ஒன்றாக வெளிப்பட்டன. எலிக்காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டுகளைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில், காலில் ஆறாத கீறலோடு நடந்தவர்களை அந்நோய் பற்றியது. வெள்ளத்தின் உயரத்தை மீட்டர் கோலால் அளப்பவர்கள் நீரின் தரத்தை வேறொரு துறையின் பொருளாகக் கருதுகின்றனர். அந்நீரில் இடுப்பளவு நின்று வீடு திரும்பியவருக்கு அத்தகைய துறைப் பிரிவினை இருக்கவில்லை.

பழியின் புவியியல்

வெள்ளத்திற்குப் பின்னர் மாதவராவ் சித்தலே தலைமையில் உண்மையறியும் குழு அமைக்கப்பட்டு 2006இல் அறிக்கை அளித்தது. மித்தி ஆற்றுக்கெனத் தனி வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையமும் உருவாயிற்று. ஆற்றை அகலப்படுத்துதல், ஆழப்படுத்துதல், கரையோரத் தடுப்புச் சுவர் எழுப்புதல் ஆகிய பணிகள் தொடங்கின. மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு மகாராஷ்டிர அரசு தடை விதித்தது. கரையோரக் குடிசைகள் ஆக்கிரமிப்புகளாக அடையாளம் காணப்பட்டு அகற்றப்பட்டன.

பொதுவெளியில் பழியின் பெரும்பங்கு அக்குடிசைகளின் மேலேயே விழுந்தது. ஆற்றின் அகலத்தை அவை குறைத்தன என்பது உண்மை. ஆனால் வரலாற்று வரிசையை நோக்கினால் படம் வேறாகிறது. தாராவி மாஹிம் கழியின் விளிம்பில் தோல் பதனிடுவோரும் குயவரும் குடியேறி உருவான இடம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள் அங்கு தோல் தொழிலைக் கட்டியெழுப்பியவர்களுள் முக்கியமானவர்கள். நாற்றமுடைய தொழில்களை நகருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத நகரம்தான் அவர்களைச் சதுப்பின் ஓரத்திற்கு அனுப்பியது. அவர்கள் தாம் குடியிருக்கும் அளவுக்குக் கூடை கூடையாக மண்ணிட்டு நிலத்தை உயர்த்தினர். ஆற்றின் மறுபுறம் வளர்ச்சித் திட்டத்தின் பெயரால் நூற்றுக்கணக்கான ஹெக்டேர்கள் உயர்த்தப்பட்டன. நீர் இரண்டையும் வேறுபடுத்தாது. சட்டம் ஒன்றை ஆக்கிரமிப்பு என்றும் மற்றொன்றை மேம்பாடு என்றும் அழைத்தது. வழிந்தோடல் கெழுவைக் கொண்டு பார்க்கையில் இரண்டும் ஒரே எண்ணின் உயர்வுகளே; அளவில் மட்டும் பெரும் வேறுபாடு.

புதிய எண்ணின் பொருள்

வெள்ளத்திற்குப் பின் பிரிம்ஸ்டோவாட் திட்டம் மைய அரசின் நிதியுதவியோடு உயிர்பெற்றது. ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ், கிளீவ்லேண்டு பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய இடங்களில் மழைநீரேற்று நிலையங்கள் எழுந்தன. உயர் ஓத வேளையிலும் நீரைக் கடலுக்குள் தள்ளும் ஆற்றல் அவற்றால் கிடைத்தது. ஹிந்துமாதா பகுதியின் நீரைத் தேக்க அருகிலுள்ள திடல்களின் அடியில் பெருந்தொட்டிகளும் கட்டப்பட்டன. பல இடங்களில் நீர் வடியும் நேரம் குறைந்துள்ளது. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் கெழு 1 என்பதன் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். பெய்யும் ஒவ்வொரு துளியும் வடிகாலுக்கே வரும் என்று நகரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பொறியாளரின் நோக்கில் இது பாராட்டத்தக்க எச்சரிக்கை. பொய்யான பாதியை நம்பிக் குழாயைச் சிறிதாக்குவதைவிட உண்மையை ஏற்றுப் பெரிதாக்குவது மேல். நகரமைப்பாளரின் நோக்கில் அதே எண் ஆபத்தானது. மண் எதையும் எடுத்துக்கொள்ளாது என்று கணக்கிலேயே எழுதிவிட்டால், எஞ்சிய மண்ணைக் காப்பதற்கான பொறியியல் காரணம் மறைந்துவிடுகிறது. திறந்த நிலத்தை விட்டுவைத்தாலும் மூடினாலும் வடிகாலின் அளவு மாறப்போவதில்லை. பாதுகாப்பிற்காகக் கொண்ட அனுமானம், பாதுகாக்க ஒன்றுமில்லை என்ற முடிவாகத் திரிந்துவிடும் வாய்ப்பு அதில் உள்ளது.

நீரின் தரத்தைப் பொறுத்தவரை இந்த ஏற்பு இன்னும் கடுமையானது. பெரிய குழாயும் வலிய நீரேற்றியும் மாசைக் குறைப்பதில்லை. அதை விரைந்து இடம்பெயர்க்கின்றன. தெருவில் தேங்கியிருந்த அழுக்கு நீர் இப்போது மாஹிம் விரிகுடாவிலும் அரபிக்கடலின் கரையிலும் முன்னினும் வேகமாகச் சேர்கிறது. வெள்ளத்தை விரட்டும் வெற்றிக்கும் கடலோரத்தைக் கெடுக்கும் தோல்விக்கும் ஒரே குழாய்தான் வழி.

இதற்கு மாறான சிந்தனையும் அவ்வப்போது அதிகாரத்தின் மொழியில் ஒலித்திருக்கிறது. புதிய கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு 2002 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2013 டிசம்பரில் மும்பைக் கட்டுமான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், குடியிருப்புகளுக்குரிய குறைந்தபட்சப் பொழுதுபோக்குத் திறந்தவெளி தரைமட்டத்தில் அமைய வேண்டும், வாகன நிறுத்தத்தின் மேல் எழுப்பிய மேடைத் தோட்டம் அதற்கு ஈடாகாது என்று கூறியது. கான்கிரீட் மேடையின் மேல் இரண்டடி மண்ணிட்டு வளர்த்த புல் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். அந்த மெல்லிய மண் நிறைந்தபின் பெய்யும் நீர் பூமிக்குள் இறங்க வழியின்றி வடிகாலையே தேடும். பசுமைக்கும் ஊடுருவலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நகரமைப்பு விதிகள் இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ளவில்லை.

2019இல் ஆரேயில் மெட்ரோ பணிமனைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது எழுந்த போராட்டம் பெரும்பாலும் காடு, மரம் என்ற சொற்களால் நடந்தது. அந்நிலம் மித்தியின் நீர்ப்பிடிப்பில் அமைந்தது என்ற செய்தி இரண்டாம் இடத்திலேயே நின்றது. 2024இல் தாராவி மறுசீரமைப்பின் பகுதியாக ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பளநிலம் வீட்டுவசதிக்கென மாநிலத்திற்கு மாற்ற ஒப்புதல் பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சதுப்பின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டவர்களின் வழிவந்தோருள் ஒரு பகுதியினர், இப்போது மழைநீரைத் தாங்கும் மற்றொரு தாழ்நிலத்தின் மேல் குடியமர்த்தப்படக்கூடும். அவர்களுக்கு நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்பதில் இருகருத்து இல்லை. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எந்த மழைக்கு எவ்வளவு நீர் நிற்கும் என்ற கணக்கும் அவர்களுக்குத் தரப்பட வேண்டிய உரிமையே.

ஓர் எண்ணை எவ்வாறு வாசிப்பது

நகர மழைநீர் வடிகால்களுக்கான தேசியக் கையேட்டை மைய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 2019இல் வெளியிட்டது. ஒவ்வொரு நகரமும் இனித் தன் வடிகால் திட்டத்தில் வழிந்தோடல் கெழுவுக்கு ஒரு மதிப்பை எழுதியே ஆக வேண்டும். அந்த மதிப்பு பெரும்பாலும் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நிலம் எவ்வாறிருக்கும் என்பதை அதே நகரத்தின் முழுமைத் திட்டம் வேறொரு கட்டடத்தில், வேறொரு துறையில் தீர்மானிக்கிறது. இவ்விரு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிப்பது வரலாற்று மாணவருக்கும் பொறியியல் மாணவருக்கும் ஒருசேர உரிய பணி. வடிகால் திட்டம் நம்பும் மண்ணை முழுமைத் திட்டம் விற்றுவிடுகிறதா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி.

மும்பையில் அக்கேள்வி கேட்கப்படாமல் கழிந்த காலம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. 0.5 தாளில் நின்றது. நிலம் 1ஐ நோக்கி நகர்ந்தது. இடைவெளியில் நீர் நின்றது. இன்றும் போரிவலியின் காட்டிலும், ஆரேயின் சரிவிலும், எஞ்சிய உப்பளங்களிலும், மாஹிம், தாணே கழிகளின் அலையாத்திக் காடுகளிலும் கெழு 1ஐவிடக் குறைவாகவே இருக்கிறது. வடிகால் கணக்கில் அவ்விடங்களுக்கு ஒரு நிரலும் ஒரு மதிப்பும் தருவது, அவற்றைக் காப்பதற்கான முதல் படியாக அமையும்.